சிறுநீர்க் குப்பியும் சுங்கக்காரரும்

மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர், நடுவில் இரண்டு நாள் ஓய்வு. இன்றைய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் கணக்கு இது. 1903இல் லோட்டோ என்ற நாளிதழ் தன் விற்பனையைக் கூட்டிக்கொள்ள இதைத் தொடங்கியபோது கட்டங்கள் ஆறுதான். ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக 400 கிலோமீட்டர். இரவிலும் மிதிக்க வேண்டும். மனித உடம்பு எதுவரை தாங்கும் என்று பார்ப்பதில்தான் சனங்களுக்கு ருசி இருந்தது. உடம்பு தாங்காத இடத்தில் மருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. தொழில்முறை சைக்கிள் பந்தயத்தில் ஊக்கமருந்துக்கென்று தனியாக ஒரு பிறந்த தேதி கிடையாது.

1924ஆம் ஆண்டுப் பந்தயத்தில், முந்தைய ஆண்டு வென்ற ஆன்ரி பெலிசியே, தம்பி பிரான்சிசோடு பாதியிலேயே விலகிக்கொண்டார். சண்டை சட்டையால் வந்தது. விடியற்காலைக் குளிருக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் சட்டை போட்டுக் கிளம்பியவர், வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாது என்பது அன்றைய விதி. கூத்தான்ஸ் ஊரில் ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்த சகோதரர்களை ஆல்பெர் லோந்த்ர் என்ற நிருபர் பிடித்துக்கொண்டார். பேச்சுவாக்கில் பையைத் திறந்து காட்டினார்கள்: கண்ணுக்குக் கொக்கேய்ன், ஈறுக்குக் குளோரோபாரம், டப்பா டப்பாவாக மாத்திரை. விஷயம் தெரியாத நிருபரிடம் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்று பிரான்சிஸ் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பையில் இருந்தது பொய் என்று மட்டும் சொல்லவில்லை.

அன்று அது குற்றமாகவே கருதப்படவில்லை. 1930இல் பந்தய அமைப்பாளர் ஆன்ரி தெக்ராஞ்ச் தேசிய அணிகளைக் கொண்டுவந்து வீரர்களின் செலவைத் தாமே ஏற்றபோது, ஊக்கமருந்துகள் அந்தச் செலவில் சேராது என்று விதிப்புத்தகத்தில் நினைவூட்டினார். மருந்து வேண்டுமென்றால் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டியது. தடை என்ற பேச்சே அதில் இல்லை.

இரண்டாம் உலகப்போரில் விமானிகளுக்கும் சிப்பாய்களுக்கும் தூக்கம் வராமலிருக்கக் கொடுத்த ஆம்பெட்டமின் மாத்திரை, போர் முடிந்ததும் பந்தயப் பாதைக்கு வந்தது. அது உடம்புக்குப் புதிதாக எந்தச் சக்தியையும் தருவதில்லை. களைப்பு என்ற எச்சரிக்கை மணியை அடக்கி வைக்கிறது. பிரான்ஸ் 1965இல் விளையாட்டில் ஊக்கமருந்தைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதற்குப் பெயர் தந்த அமைச்சர் மொரிஸ் எர்சோக், 1950இல் அன்னபூர்ணா சிகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த இருவரில் ஒருவர்; உடம்பின் எல்லை என்னவென்று தெரிந்தவர். அடுத்த ஆண்டு போர்தோ நகர விடுதியில் அதிகாரிகள் சிறுநீர் கேட்டு வந்தார்கள். சேதி பரவியதும் பல வீரர்கள் அறையை விட்டு நழுவினார்கள். சோதனைக்கு அகப்பட்டவர்களில் முதல்வர் ரேமோன் பூலிதோர். மறுநாள் வீரர்கள் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, சிறிது தூரம் தள்ளிக்கொண்டு நடந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

1967 ஜூலை 13. மோன் வந்து மலை 1,900 மீட்டருக்கு மேல் உயரம். மேல்பாதியில் ஒரு மரம் கிடையாது, வெள்ளைக் கற்சரிவுதான். கொளுத்தும் வெயில். முன்னாள் உலகச் சாம்பியனான இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன் சாலையில் இங்குமங்கும் அலைந்து விழுந்தார். தூக்கி மறுபடி சைக்கிளில் ஏற்றினார்கள். இன்னும் சில நூறு மீட்டர் போய் மறுபடி விழுந்தார், எழவில்லை. ஹெலிகாப்டரில் அவிஞ்ஞோன் மருத்துவமனைக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. அவர் சட்டையின் பின்பையில் மூன்று சிறு குழாய்கள் இருந்தன. இரண்டு காலி, ஒன்றில் பாதி ஆம்பெட்டமின். உடற்கூறாய்வில் ஆம்பெட்டமினோடு மதுவும் தெரிந்தது. அவர் விழுந்த இடத்தில் இன்று ஒரு கல் நிற்கிறது. அந்த வழியே மிதித்து ஏறுகிறவர்கள் தண்ணீர்ப் புட்டியையும் தொப்பியையும் அங்கே வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பரில், டூரை ஐந்து முறை வென்ற ஜாக் ஆங்கெத்தில் மிலான் மைதானத்தில், ஒரு மணி நேரத்தில் மிதிக்கும் தூரத்துக்கான சாதனையை முறியடித்தார். உடனே சிறுநீர் கொடுக்க மறுத்ததால் அந்தச் சாதனை ஏற்கப்படவில்லை. தாம் மருந்து எடுப்பதை அவர் பெரிதாக ஒளித்ததும் இல்லை. கூலி வாங்கிச் செய்யும் கடும் உழைப்புக்கு உதவும் பொருளைத் தடுக்க இவர்கள் யார் என்பதே அவர் தலைமுறையின் எண்ணம். அந்த எண்ணத்தை வெறும் திமிர் என்று ஒதுக்கிவிட முடியாது. சோதிக்க வந்தவர்கள் மலையின் உயரத்தையோ கட்டத்தின் தூரத்தையோ குறைக்கச் சொல்லி வாதாடியவர்கள் அல்லர்.

சட்டம் வந்ததும் ஏய்ப்பும் வந்தது. 1978இல் ஆல்ப் துயெஸ் மலைக்கட்டத்தை வென்று, மொத்தத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை அணிந்த பெல்ஜிய வீரர் மிஷேல் பொலன்தியே, சோதனைக்கு வந்தபோது அக்குளில் ஒரு ரப்பர்ப் பை, அதில் வேறொருவரின் சிறுநீர், அங்கிருந்து கீழே ஒரு குழாய் என்று தயாராக வந்திருந்தார். அவருக்கு முன் வந்த இன்னொரு வீரரின் குழாய் மக்கர் செய்ததால் மருத்துவருக்குச் சந்தேகம் தட்டியது. எல்லோரையும் சட்டையைத் தூக்கச் சொன்னார். பொலன்தியே அன்றிரவே பந்தயத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். தண்டனை இரண்டு மாதத் தடை. பத்து ஆண்டு கழித்து பெத்ரோ தெல்காதோவின் சிறுநீரில், ஸ்டெராய்டு தடயத்தை மறைக்கப் பயன்படும் புரோபெனெசிட் இருந்தது. ஒலிம்பிக் பட்டியலில் அது தடை. சர்வதேச சைக்கிள் சங்கமான யு.சி.ஐ.யின் பட்டியலில் அப்போது இன்னும் ஏறவில்லை. எனவே 1988 டூரின் வெற்றியாளர் இன்றும் தெல்காதோதான்.

பொலன்தியேயின் குழாய் இன்றைய சோதனை அறை வரை வேலை செய்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டிய வீரரை ஒரு காவலாள் நிழல்போலப் பின்தொடர்வார்; கண்ணிலிருந்து மறைய விட மாட்டார். கட்டத்தை வென்றவருக்கும் மஞ்சள் சட்டைக்காரருக்கும் அன்றாடம் சோதனை நிச்சயம். சட்டையை மார்பு வரை உயர்த்தி, கால்சட்டையை முழங்காலுக்கு இறக்கி, அதிகாரி நேரே பார்த்துக்கொண்டிருக்க, 90 மில்லிலிட்டர் சிறுநீர் தர வேண்டும். ஐந்து மணி நேரம் வெயிலில் மிதித்து நீர் வற்றிய உடம்புக்கு அதுவே தனிச் சோதனை. சிறுநீரை ஏ, பி என்ற இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் வீரரே பிரித்து ஊற்றி மூடுவார். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போகாது. ஏ குப்பியில் தடைப்பொருள் தென்பட்டால், வீரர் கேட்கும்போது அவர் தரப்பு ஆள் முன்னிலையில் பி குப்பியைத் திறப்பார்கள்.

இவ்வளவு கட்டுப்பாடும் சிறுநீரைச் சுற்றித்தான். 1980களிலிருந்து காரியம் இரத்தத்துக்கு மாறிவிட்டது. தசைக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்பவை சிவப்பணுக்கள். சொந்த இரத்தத்தையே ஒரு பை எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்து, உடம்பு அந்த இழப்பை ஈடுகட்டிய பிறகு திரும்ப ஏற்றினால் சிவப்பணுக்கள் கூடுதலாகும். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணியில் சிலர் இரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். அப்போது அது தடைசெய்யப்படவில்லை, விஷயம் வெளியே வந்த பிறகே தடை வந்தது. பைக்கும் குளிர்பெட்டிக்கும் அவசியமில்லாமல் செய்தது எரித்ரோபொய்ட்டின் என்ற ஈ.பி.ஓ. எலும்பு மஜ்ஜையைச் சிவப்பணு உற்பத்திக்குத் தூண்ட நம் சிறுநீரகமே சுரக்கும் ஹார்மோன் அது. அதன் மரபணுவைப் பிரித்து ஆய்வகத்தில் தயாரிக்கக் கற்றார்கள். டயாலிசிஸ் நோயாளிகளின் இரத்தசோகைக்காக 1989இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயாளிக்கு அது உயிர்காக்கும் மருந்து. ஊசி சீக்கிரமே மலைச்சாலைக்கும் வந்துவிட்டது.

இரத்தத்தில் சிவப்பணுக்கள் பிடித்திருக்கும் இடத்தை ஹீமட்டோகிரிட் என்ற சதவீதத்தால் அளப்பார்கள். ஆண்களுக்கு நாற்பதுகளில் இருப்பது இயல்பு. 1996 டூரை வென்ற பியார்னே ரீஸுக்கு வீரர்கள் கூட்டத்தில் வைத்த பட்டப்பெயர் ‘மிஸ்டர் அறுபது சதவீதம்’. தாம் ஈ.பி.ஓ. எடுத்ததை அவர் ஒப்புக்கொண்டது 2007இல். செயற்கை ஈ.பி.ஓ.வைக் கண்டுபிடிக்க வழியில்லாத நிலையில், 1997இல் யு.சி.ஐ. ஒரு கோடு கிழித்தது: ஹீமட்டோகிரிட் 50க்கு மேல் போனால் இரண்டு வாரம் ஓய்வு. தண்டனை என்ற சொல்லைத் தவிர்த்து, உடல்நலப் பாதுகாப்பு என்றார்கள். கோடு கிழித்த அன்றே அது இலக்காகவும் ஆனது. வீரர்கள் கையடக்க சுழற்சி இயந்திரம் வாங்கித் தங்கள் அளவைத் தாங்களே பார்த்துக்கொண்டு, 49க்குள் நின்றார்கள். தாண்டிவிட்டால், இரத்தத்தை நீர்க்கச் செய்ய அவசரமாக ஒரு பை சலைன். 1998 உலகப் போட்டியின்போது, சோதனை அதிகாரி அதே விடுதியில் இருக்க, அமெரிக்க அணியின் மருத்துவர் மழைக்கோட்டுக்குள் சலைன் பையை மறைத்து எடுத்துப் போனார் என்பது பிற்பாடு சாட்சியமாகப் பதிவானது. கணக்குத் தவறியவர்களும் உண்டு. 1998இல் இத்தாலியின் ஜீரோ பந்தயத்தையும் டூரையும் ஒரே ஆண்டில் வென்ற இத்தாலியர் மார்க்கோ பன்டானி, 1999 ஜூன் 5 அன்று ஜீரோவில் முதலிடத்தில் இருந்தபோது 52 காட்டி வெளியேற்றப்பட்டார். 2004 பிப்ரவரியில் ரிமினி நகரத்து விடுதி அறையில், 34 வயதில், கொக்கேய்னால் இறந்து கிடந்தார்.

முதல் பெரிய உடைப்பு சோதனைக்கூடத்தால் வரவில்லை. 1998 ஜூலை 8 அன்று பெல்ஜிய எல்லையருகே பிரெஞ்சு சுங்கத்துறையினர் ஒரு காரை நிறுத்தினார்கள். ஓட்டிவந்தவர் ஃபெஸ்டினா அணியின் வில்லி வூட். வீரர்களுக்கு உடம்பு பிடித்துவிடுவது, சாப்பாட்டுப் பை கட்டுவது, புட்டி நிரப்புவது அவர் வேலை. காருக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட ஈ.பி.ஓ. டோஸ்கள், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன். மூன்று நாளில் டப்ளினில் பந்தயம் தொடங்க இருந்தது. அணி முழுவதும் வெளியேற்றப்பட்டது. போலீஸ் விடுதிகளைச் சோதித்தது. வீரர்கள் நடுச்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். சில அணிகள் தாமாகவே ஊருக்குத் திரும்பின. கிளம்பிய 189 பேரில் பாரிஸ் வந்து சேர்ந்தவர்கள் 96. அந்த அணியின் நட்சத்திரம் ரிஷார் விராங்க் இரண்டு ஆண்டு மறுத்துவிட்டு, 2000 அக்டோபரில் லீல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எத்தனையோ சோதனைகளைத் தாண்டி வந்த அணி அது. ஒரு சுங்கக்காரர் டிக்கியைத் திறந்ததும் எல்லாம் முடிந்தது.

அந்த அவமானத்தின் விளைவாக 1999 நவம்பரில் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை உருவானது. ‘வாடா’ என்ற அதன் சுருக்கப்பெயர் தமிழ்க் காதுக்குக் கூப்பிட்டு அதட்டுவதுபோலக் கேட்கும். வேலையும் ஏறக்குறைய அதுதான். 2004 முதல் எல்லா விளையாட்டுக்கும் ஒரே விதித்தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அதன் அச்சாணி: உடம்புக்குள் இருப்பதற்கு உடம்புக்குச் சொந்தக்காரரே பொறுப்பு. எப்படி வந்தது, வேண்டுமென்று எடுத்தாரா என்பதெல்லாம் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவும், குற்றத்தை அழிக்காது. 2010 டூரின் ஓய்வு நாளில் ஆல்பெர்த்தோ கொந்தாதோரின் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 50 பிகோகிராம் கிளென்பியூட்டரால் இருந்தது. பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. சாப்பிட்ட மாட்டிறைச்சியில் இருந்திருக்கும் என்றார் அவர். விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எதிர்த்தரப்பு சொன்ன இரத்தம் ஏற்றிய கதையையும் ஏற்கவில்லை. கலப்படமான சத்துப்பொடி எதிலிருந்தாவது வந்திருக்கலாம் என்று கருதியது. இருந்தும் இரண்டு ஆண்டுத் தடை. அந்த டூர் பட்டமும் போனது. விதி கடுமைதான். தளர்த்தினால் எல்லோருமே இறைச்சிக் கடையைக் கைகாட்டுவார்கள் என்பதும் நிஜம்.

செயற்கை ஈ.பி.ஓ.வைச் சிறுநீரில் காணும் முறையை பாரிஸ் அருகே ஷாத்தனே மலாப்ரி ஆய்வகம் 2000இல் வெளியிட்டது. மருத்துவர்கள் உடனே கணக்கை மாற்றினார்கள்: தோலுக்கடியில் போட்டதை நேரே இரத்தக்குழாயில், பெரிய அளவில் போட்டதைச் சின்னச் சின்னதாக, இரவில். விடிவதற்குள் தடயம் மறைந்துவிடும். அகப்படக்கூடிய அந்த இடைவேளையை ‘ஒளிர்ந்துகொண்டிருக்கும் நேரம்’ என்ற பொருளில் வீரர்கள் குறிப்பிட்டதாக டைலர் ஹாமில்டன் எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டால் திறக்கக் கூடாது. இதற்கு எதிர்வினையாக வந்ததே இருப்பிட விதி. முதல்நிலை வீரர் ஒவ்வொரு நாளும் எங்கே தூங்குகிறார், எந்த ஒரு மணி நேரம் எந்த இடத்தில் கட்டாயம் இருப்பார் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால் குற்றம். திருட்டே செய்யாதவனும் தினசரி காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடுவது போன்ற ஏற்பாடு இது. 2007இல் மைக்கேல் ராஸ்முசென் மஞ்சள் சட்டையோடு, ஏறக்குறைய வெற்றியைத் தொட்ட நிலையில், சொந்த அணியாலேயே விலக்கப்பட்டார். மெக்சிகோவில் இருப்பதாகச் சொன்ன நாட்களில் இத்தாலிய மலைச்சாலையில் அவர் பயிற்சி செய்ததை ஒரு முன்னாள் வீரர் பார்த்து, தொலைக்காட்சி வருணனையில் எதார்த்தமாகச் சொல்லிவிட்டார்.

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் புற்றுநோயிலிருந்து மீண்டு 1999 முதல் 2005 வரை ஏழு டூர்களை வரிசையாக வென்றவர். நூற்றுக்கணக்கான சோதனைகள், ஒன்றிலும் சிக்கவில்லை என்பதே அவர் திரும்பத் திரும்பச் சொன்ன பதில். நுணுக்கமாகப் பார்த்தால் அதுவும் சரியில்லை. 1999இல் ஸ்டெராய்டு தடயம் தெரிந்தபோது, உட்காரும் இடத்துப் புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று முன்தேதியிட்ட மருந்துச்சீட்டு கொடுத்துச் சமாளித்தார்கள். அந்த ஆண்டு ஒருவர் மோட்டார் சைக்கிளில் பந்தயத்தின் பின்னாலேயே ஈ.பி.ஓ. கொண்டுவந்து கொடுத்தார். பயன்படுத்திய ஊசியைக் காலி கோக் டின்னில் போட்டு நசுக்கி வெளியேற்றினார்கள். 2004இல் அணிப் பேருந்து மலைச்சாலையில் பழுதானதுபோல் நிறுத்தப்பட, உள்ளே வீரர்களுக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது என்று சக வீரர் ஃபிளாய்ட் லாண்டிஸ் பின்னர் சொன்னார்.

இவ்வளவையும் வெளியே கொண்டுவந்தது மனிதர்களின் வாய்தான். 2006இல் டூரை வென்று டெஸ்டோஸ்டிரோனில் சிக்கிப் பட்டம் இழந்த அதே லாண்டிஸ், 2010இல் மின்னஞ்சல்களில் எல்லாவற்றையும் கொட்டினார். அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமை 26 பேரிடம் சாட்சியம் வாங்கியது. அவர்களில் 11 பேர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் சக வீரர்கள். 2012 அக்டோபரில் அறிக்கை வந்தது. ஏழு பட்டங்களும் போயின. 2013 ஜனவரியில் ஓப்ரா வின்பிரேயிடம் ஒப்புக்கொண்டார். அணிக்குப் பணம் கொடுத்த அமெரிக்க அஞ்சல் துறை சார்பிலான வழக்கை 2018இல் 50 லட்சம் டாலர் கட்டி முடித்தார். அதில் 11 லட்சம் டாலர், விஷயத்தை வெளியிட்டவர் என்ற முறையில் லாண்டிசுக்குப் போனது. இந்தக் காலத்தில் யு.சி.ஐ. ஆர்ம்ஸ்ட்ராங்கிடமிருந்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை வாங்கியிருந்தது. கண்காணிக்க வேண்டியவர் கண்காணிக்கப்படுபவரிடம் கைநீட்டுவது எந்த விதத்திலும் நியாயமாகாது.

ஸ்பெயினிலும் கதவை உடைத்தது போலீஸ்தான். 2006 மே மாதம் மாட்ரிட் மருத்துவர் யூஃபெமியானோ ஃபுவெந்தெசின் இடங்களில் ஏறக்குறைய 200 பை இரத்தமும் பிளாஸ்மாவும் சிக்கின. பைகளில் பெயருக்குப் பதில் எண்ணும் செல்லப்பெயரும். யான் உல்ரிச், இவான் பாசோ ஆகியோர் அந்த ஆண்டு டூர் தொடங்குவதற்கு முந்தைய நாள் விலக்கப்பட்டார்கள். இத்தாலிய அதிகாரிகள், 2008 டூர் தங்கள் மண்ணைத் தொட்டபோது அலெஹாந்த்ரோ வால்வெர்தேயிடம் எடுத்த இரத்தத்தை ஒரு பையோடு மரபணு ஒப்பிட்டுத் தடை வாங்கித் தந்தார்கள்.

2008இல் வந்த உயிரியல் கடவுச்சீட்டு கேள்வியையே மாற்றிப் போட்டது. மருந்தைத் தேடுவதை விட்டு, மருந்து உடம்பில் விட்டுப்போகும் தடத்தைத் தேடுவது அது. ஒருவரின் ஹீமோகுளோபின் அளவும், புதிதாகப் பிறந்த சிவப்பணுக்களின் விகிதமும் பல ஆண்டுகள் குறிக்கப்படுகின்றன. இரத்தம் ஏற்றினால் ஹீமோகுளோபின் உயரும். போதும் என்று மஜ்ஜை வேலையைக் குறைப்பதால் இளம் அணுக்கள் சரியும். இரத்தம் எடுத்தால் நேர் எதிர். எல்லோருக்கும் பொதுவாக 50 என்ற கோடு போய், அவரவர் உடம்பே அவரவருக்கு அளவுகோல் ஆனது. வரைபடம் விலகினால், பெயர் தெரியாத நிலையில் மூன்று நிபுணர்கள் பார்த்து ஒருமித்துச் சொன்ன பிறகே வழக்கு. 2011இல் நடுவர் நீதிமன்றம் இந்த முறையை ஏற்றது. அறுபது சதவீத காலம் முடிந்தது. கடவுச்சீட்டின் எல்லைக்குள் அடங்கும் சிறு அளவுகளின் காலம் முடிந்ததாகச் சொல்ல முடியாது. யு.சி.ஐ. நியமித்து 2015இல் அறிக்கை தந்த விசாரணைக் குழு இன்னும் எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று கேட்டபோது, துறைக்குள் இருக்கும் ஒருவர் 90 சதவீதம் என்றார். இன்னொருவர் 20 என்றார்.

அதன் பிறகும் பட்டியல் நீளுகிறது. 2016இல் பெல்ஜிய வீராங்கனை ஃபெம்கே வான் டென் டிரீஷின் சைக்கிள் சட்டத்துக்குள் மோட்டாரே இருந்தது. ஆறு ஆண்டுத் தடை. 2019இல் ஆஸ்திரிய, ஜெர்மன் போலீசார் எர்ஃபுர்ட் நகர மருத்துவர் ஒருவரின் இரத்த வலையை அறுத்தார்கள். பனிச்சறுக்கு வீரர்களோடு சைக்கிள் வீரர்களும் அகப்பட்டார்கள். வலிநிவாரணி டிரமடாலை யு.சி.ஐ. 2019இல் தடை செய்தது. மற்ற விளையாட்டுகளில் போட்டி நேரத் தடை வந்தது 2024இல். கார்பன் மோனாக்சைடை மீண்டும் மீண்டும் சுவாசிக்கும் உத்தி 2025 பிப்ரவரியில் தடைக்குள் வந்தது. யு.சி.ஐ. தன் சோதனை வேலையை 2021 முதல் லொசானில் உள்ள சர்வதேசச் சோதனை முகமையிடம் ஒப்படைத்துவிட்டது. 2012க்குப் பிறகு செய்த காரியங்களில் உருப்படியானது இதுதான்.

ஆர்ம்ஸ்ட்ராங்கிடம் பறித்த ஏழு பட்டங்களை யு.சி.ஐ. வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க ஆள் இல்லை: அந்த ஏழு டூர்களின் மேடையில் 21 இடங்கள், அதில் 20 இடங்களில் நின்றவர்கள் ஊக்கமருந்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புபட்டவர்கள் என்று அமெரிக்க முகமை பதிவு செய்திருக்கிறது. 1998 டூரின் சிறுநீர் மாதிரிகளை ஆறு ஆண்டு கழித்து ஆராய்ந்த முடிவுகளை பிரெஞ்சு செனட் 2013இல் வெளியிட்டது. முதலிடம் பெற்ற பன்டானி, இரண்டாமிடம் பெற்ற உல்ரிச் இருவர் மாதிரியிலும் ஈ.பி.ஓ. இருந்தது. இப்போதைய விதிப்படி மாதிரிகளைப் பத்து ஆண்டு வரை மறுபடி ஆராயலாம். 2024 டூரில் யார் வென்றார் என்பது 2034இல் உறுதியாகும்.